ஆரஞ்சு ஜோடி, கறுப்பு ஜோடி

அக்டோபர் 14, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை, நேற்றுத் துவைத்ததும் சேர்த்து. பதினொரு மணிக்குப் பார்சல். கூரியர் தம்பி வாசல்படியிலேயே இறக்கி வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

"உள்ள என்னக்கா, அம்மிக்கல்லா?"

பூட்ஸ் என்றேன். நம்பாமல்தான் கையெழுத்து வாங்கிப் போனான்.

மகள் ஜென்சிக்கு வந்தது. பனிச்சறுக்குப் பலகையைக் காலில் மாட்டிக்கொண்டு மலை ஏறி இறங்குகிறவர்கள் போடும் பூட்ஸ். இமாச்சலில் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கும் டோல்மா அக்கா அனுப்பியிருக்கிறார். இரண்டு ஜோடி. ஒன்று ஆரஞ்சு, ஒன்று கறுப்பு. இரண்டும் பலர் போட்டுப் பழகியவை, கீறல் விழுந்தாலும் பரவாயில்லையாம். காலுக்குப் பொருந்துகிறதை வைத்துக்கொண்டு மற்றதை அனுப்ப வேண்டும். எது என்று ஞாயிறு சாயங்காலம் போனில் சொல்ல வேண்டும்.

ஜனவரியில் மூன்று மாத வகுப்பு. முடித்தால் பனிமலையில் ஆட்களைக் கூட்டிப்போகும் வழிகாட்டி வேலை. பி.டி. டீச்சராகப் போ என்றோம். போகவில்லை.

போன பிப்ரவரியில் அங்கே பனியில் ஒரு ராத்திரி மாட்டிக்கொண்டதில் இடது காலில் சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் விறைத்துக் கறுத்து, தோல் உரிந்து போனது. மதுரை டாக்டர் அப்போதே சொல்லிவிட்டார்: விரலில் உணர்ச்சி திரும்பட்டும், அப்புறம் பனிக்குப் போகலாம், திரும்பாமல் போனால் அடுத்த தடவை விரலே இருக்காது. செப்டம்பரில், வந்துவிட்டதும்மா என்றாள். அன்று மாதா கெபியில் மெழுகுதிரி ஏற்றினேன்.

கிறிஸ்துமஸ் கேக் போட வாங்கிய எடை மெஷினில் வைத்தது:
ஆ. வலது 1 கி 240. இடது 1 கி 255.
க. வலது 1 கி 610. இடது 1 கி 600.
ஆரஞ்சு இடதில் 15 கிராம் கூட. உள்ளே பார்த்தேன். யாரோ குதிகால் பக்கம் அட்டை ஒட்டியிருக்கிறார்கள். பிய்த்து எடுத்தேன்.

இவர் மினி பஸ்ஸை நிறுத்திவிட்டுச் சாப்பிட வந்தவர், கறுப்பைக் கையில் தூக்கிப் பார்த்தார். "இதப் போட்டுக்கிட்டு கிளட்ச மிதிச்சா வண்டி அகரம் ஸ்டாப்புல நிக்காது. ஆத்துல போயித்தான் நிக்கும்." அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். பஸ்ஸில் காட்டுவதற்கு. இன்னும் வகுப்புக்கே போகவில்லை, அதற்குள் அகரம் முழுக்கத் தெரியும்.

ஜெபமாலை மாதம். மூன்றாம் தேவ இரகசியத்தில் தூங்கிவிட்டேன். இந்த மாதத்தில் இது இரண்டாவது தடவை.

அக்டோபர் 15, புதன்

வெயில் எட்டிப் பார்த்தது. துணி எல்லாம் மாடியில்.

பூட்ஸோடு வந்த சிறு புத்தகம் இங்கிலீஷில். நான் எட்டாவதோடு நின்றவள். பிள்ளைகள் படித்த பாடப் புத்தகத்தில் ஒட்டிக்கொண்ட இங்கிலீஷ்தான். அகராதியை வைத்துக்கொண்டு நாலு பக்கம், மதியம் முழுக்க. கண் எரிச்சல். குழம்பு அடிப்பிடித்தது. தெரிந்துகொண்டது:

1. வெளியே பிளாஸ்டிக் ஓடு. உள்ளே மெத்தை மாதிரி உறை, தனியாகக் கழற்றலாம்.
2. அளவு நம்பர் கிடையாது. பாதத்தின் நீளம், செ.மீ.யில்.
3. பின்னால் நெம்புகோல். மேலே தூக்கினால் கணுக்கால் மடங்கும், ஏறலாம். கீழே தட்டினால் இறுகும், சறுக்கி இறங்கலாம்.
4. உறையை எடுத்துவிட்டு வெறும் ஓட்டுக்குள் காலை விட்டு, விரல் முன்னால் தொடும்படி நின்றால், குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல், ஒன்றரை விரல் இடம் இருக்கணும். இரண்டு விரல் என்றால் பெரிசு.

கடைசியில் ஒன்று: சரியான பூட்ஸ் முதலில் இறுக்கமாகத்தான் இருக்கும். எங்கே வலிக்கிறது என்று காலைக் கேளுங்கள். அப்படித்தான் போட்டிருக்கிறது.

ஜென்சியைக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நிற்கவைத்துப் பென்சிலால் கோடு போட்டேன். வலது 25.1. இடது 25.4. காலைப் பிடித்தபோது கூசிச் சிரித்தாள். வலது காலில்.

விரல் விட்டுப் பார்த்தது. ஆரஞ்சு: வலதில் ஒன்றரை, இடதில் ஒன்று. கறுப்பு: வலதில் ஒன்று, இடதில் விரல் நுழையவே சிரமம்.

"கறுப்பு இடது சின்னதுடி."

"எனக்கு இறுக்கமாவே தெரியலையே."

வெஞ்சனம் ஒன்றும் செய்ய முடியவில்லை. அப்பளம்.

அக்டோபர் 16, வியாழன்

மாடிப்படியில் சோதனை. 19 படி. ஏறி இறங்குவது இருபது தடவை ஆரஞ்சு, செத்த நேரம் உட்கார்ந்துவிட்டு இருபது தடவை கறுப்பு. நான் கீழே மோடாவில், நோட்டும் கடிகாரமுமாக. டக், டக் என்று வீடே அதிர்ந்தது. பக்கத்து வீட்டு ரஹ்மத் அக்கா சுவருக்கு மேல் தலையை நீட்டினார்.

"ஏண்டி ஜென்சி, நிலாவுக்கு டிக்கெட் போட்டாச்சா?"

"உங்களுக்கும் சேத்துத்தான் பெரியம்மா."

"எனக்கு ஜன்னல் சீட்டு போடு. உங்க பெரியப்பாவ விட்டுட்டு வாரேன்."

ஆ. 20 தடவை, 11 நிமிடம். கணுக்கால் நன்றாக மடங்குகிறது, செருப்பு மாதிரி. வலது: ஏறும்போது குதிகால் தூக்குகிறது. இறங்கும்போது கட்டைவிரல் நுனி இடி. இடது: ஒன்றுமில்லை.

க. 20 தடவை, 14 நிமிடம். ஏறும்போது கெண்டைக்கால் இழுப்பு. வலது: கணுக்கால் எலும்பில் அழுத்தம். இறங்கும்போது குதிகால் அசையவில்லை, உடும்புப் பிடி. இடது: ஒன்றுமில்லை.

எழுதி முடித்துப் பார்க்கிறேன். இடது பக்கம் இரண்டுக்கும் ஒன்றுமில்லை. நீளமான கால் அது. கறுப்பில் விரல்கூட நுழையாத கால்.

"இடது எங்கயும் இடிக்கலையா?"

"இல்லம்மா. எழுது."

எழுதினேன். அவள் சொல்வதைத்தானே எழுத முடியும்.

தலைவலி. சித்தையன்கோட்டைத் தங்கச்சி போன் செய்தாள், எடுக்கவில்லை. நாளை கூப்பிடணும்.

அக்டோபர் 17, வெள்ளி

தீபாவளிக் கூட்டம் கடைவீதி முழுக்க. காய் வாங்கப் போய் ஒரு மணி நேரம். முட்டி வீக்கம்.

உள் உறையைச் சூடாக்கினால் காலின் வடிவத்துக்கு இளகிக் கொடுக்கும், ஆறினால் அப்படியே நின்றுவிடும் என்று புத்தகத்தில். அதற்கென்று கடையில் மெஷின் உண்டாம். வீட்டில் என்றால் சாக்ஸில் அரிசி நிரப்பிச் சூடாக்கி, உறைக்குள் பத்து நிமிடம். அரிசி ஒத்தடம் நமக்குத் தெரியாததா. பச்சரிசி அரைப்படி, இரும்புச் சட்டியில் வறுத்து இவருடைய பழைய காக்கி சாக்ஸ் இரண்டில் கட்டினேன். கன்னத்தில் வைத்துப் பார்த்துத்தான் உள்ளே விட்டேன். ஆரஞ்சு ஜோடிக்கு முதலில்.

பத்து நிமிடம் கழித்து சாக்ஸை உருவிவிட்டு, காலை விடு என்றேன். வலது காலை விட்டவள், "அம்மா சுடுது, சுடுது" என்று பாதி விட்டு வெளியே இழுத்தாள். ஊதி ஊதி மறுபடி விட்டாள். இடது காலைச் சும்மா விட்டாள். கொக்கியைப் பூட்டினாள். போனைப் பார்க்க ஆரம்பித்தாள்.

இடதுக்குச் சூடு பத்தவில்லையோ என்று நினைத்தேன். கழற்றச் சொல்லிக் கையை விட்டேன், விரல் இருக்கும் இடம் வரைக்கும். சுட்டது. கையை எடுத்துவிட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் அரிசியைச் சட்டியில் கொட்டினேன்.

கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் போகாதே என்று சொல்ல வேண்டி வரும். அவள் போகக்கூடாது என்று எனக்குள்ளே ஆறு மாதமாக ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அவள் காலுக்காகக் கேட்கிறேனா, எனக்காகக் கேட்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. ஆண்டவர் முன்னால் இதை எப்படிச் சொல்வது.

கறுப்புக்கு அரிசி வறுக்கவில்லை. அலுப்பு என்று சொல்லிவிட்டேன். பொய்யும் இல்லை.

வறுத்த அரிசியை என்ன செய்வது. பொரிவிளங்காய் உருண்டைக்கு இடிக்கலாம்.

அக்டோபர் 18, சனி

மேகமூட்டம், மழை இல்லை. நிஜ மேட்டில் நடந்து பார்க்கணும் என்றாள். சிறுமலைக்குப் பஸ் நேரம் ஒத்துவரவில்லை. சிலுவைக் குன்றுக்குப் போகலாம் என்று நான்தான் சொன்னேன். தவக்காலத்தில் சிலுவைப்பாதை செய்யும் இடம். அடிவாரத்திலிருந்து உச்சி வரை பாறையில் பதினாலு ஸ்தலம். ஸ்தலத்துக்கு ஸ்தலம் தூரம் ஏறத்தாழ ஒன்றுதான். நின்று ஜெபிக்கலாம், நின்ற இடத்தில் காலையும் கேட்டு எழுதிக்கொள்ளலாம். இதில் பாவம் இருப்பதாகத் தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது.

வழக்கம் என்னவென்றால் அடிவாரத்திலேயே செருப்பைக் கழற்றிவிட வேண்டும். மறந்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். குன்றைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை மறித்தார். எழுபது வயதிருக்கும்.

"என்னம்மா காலு இது, ரோபோ மாதிரி. கழட்டிட்டு ஏறு."

ஜென்சி என்னைப் பார்த்தாள். "நேர்ச்சைங்கய்யா," என்றேன். "கால் சுகமானதுக்கு. இந்த பூட்ஸோட ஏறுறதா வேண்டுதல்." வாயிலிருந்து தானாக வந்தது.

அவர் குனிந்து பூட்ஸைப் பார்த்தார். "நேர்ச்சைன்னா சரி. பன்னெண்டாம் ஸ்தலம் ஆண்டவர் உயிர விட்ட எடம், அங்க மட்டும் வெறுங்காலோட முட்டி போடணும். அதுக்கு யாருக்கும் விலக்கு கிடையாது." கூடவே ஏறி வந்தார். நம்பவில்லை போல.

ஜென்சி வலதில் ஆரஞ்சு, இடதில் கறுப்பு. ஒரே ஏற்றத்தில் இரண்டையும் ஒப்பிட்டுவிடலாமாம். இறங்கும்போது மற்றதை மாற்றிப் போட நான் பையில் சுமந்தேன்.

1, 2. வசதி.
3. வலது குதிகால் தூக்கல் ஆரம்பம். இடது இல்லை.
4. அதே.
5. கோயில்பிள்ளை தண்ணீர் கேட்டார், கொடுத்தேன்.
6. வலது குதிகால் சூடு. கொப்புளம் வரும் போல.
7. பாறை வழுக்கல். கறுப்பின் அடிப்பாகம் பிடித்தது, ஆரஞ்சு சறுக்கியது.
8. எனக்கு மூச்சு வாங்கியது. உட்கார்ந்தேன்.
9. வலது: வலி. இடது: ஒன்றுமில்லை.
10, 11. இடது: ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை.

பன்னிரண்டில் கோயில்பிள்ளை நின்றுகொண்டார். ஜென்சி பாறையில் உட்கார்ந்து வலதைக் கழற்றினாள். குதிகால் சிவந்திருந்தது, அவ்வளவுதான். பிறகு இடதின் நாலு கொக்கியையும் எடுத்துக் காலை உருவினாள்.

வெள்ளை சாக்ஸ். முன்பாதி முழுக்க இரத்தம்.

அவள் குனிந்து பார்த்தாள். யாருடைய காலையோ பார்க்கிற மாதிரி. சாக்ஸை இழுத்தேன். சுண்டுவிரல் நகம் பெயர்ந்து ஒட்டிக்கொண்டு வந்தது. தோல் வழன்றிருந்தது. அவள் முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை.

"வலிக்குதா?"

என் கையிலிருந்து சாக்ஸை வாங்கிச் சுருட்டினாள்.

"ஜென்சி."

"அம்மா, முட்டி போட்டுட்டு வந்துடுறேன்."

முட்டி போட்டாள். கோயில்பிள்ளை தொப்பியை எடுத்துவிட்டார். தண்ணீர் பாட்டிலை என்னிடமிருந்து வாங்கி அவர்தான் காலில் ஊற்றினார், சிலுவைக்கு முன்னாலேயே. மேலே உள்ள இரண்டு ஸ்தலத்துக்கும் போகவில்லை. சிலுவைப்பாதையை நான் பாதியில் விட்டது இதுதான் முதல் தடவை.

என் முந்தானையைக் கிழித்துக் கட்டினேன். என் செருப்பை அவளுக்குக் கொடுத்தேன், அடிவாரத்தில்.

ஆட்டோவில்:

"எப்ப இருந்துடி?"

"வரவே இல்லம்மா."

"செப்டம்பர்ல வந்துருச்சுன்னு சொன்னியே."

"வந்துரும்னு நெனச்சேன். கொஞ்சம் முன்னாடியே சொல்லிட்டேன்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நீ நவநாள் ஜெபம் ஆரம்பிச்சிருவ. அப்பாவுக்கு அகரம் பஸ்ல மொகம் செத்துரும். டோல்மா அக்கா எடத்த வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. எல்லாம் ஒரே நாள்ல முடிஞ்சிரும்ல." ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ரெண்டு வெரல்தானம்மா."

அக்டோபர் 19, ஞாயிறு

ஆறு மணிப் பூசை. நன்மை அப்பம் வாங்கப் போகவில்லை, பாவத்தோடு வாங்கக் கூடாது. நேர்ச்சை என்று பொய் சொன்னது, வெள்ளிக்கிழமையே தெரிந்தும் வாயை மூடிக்கொண்டது, இரண்டையும் சாமியாரிடம் சொல்லணும். பாவசங்கீர்த்தன வரிசை நீளம். திரும்பிவிட்டேன்.

இவரிடம் சாப்பாட்டுக்குப் பின் சொன்னேன். நம்பவில்லை. "நீ போக வேணாம்னு நெனக்கிற. அதான் இப்படி ஆரம்பிக்கிற," என்றார். அதில் பாதி உண்மை.

எழுந்து போய் ஜென்சிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். கட்டை அவிழ்த்துக் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "கண்ண மூடு பாப்பா. அப்பா எந்த வெரலத் தொடுறேன்னு சொல்லு."

கட்டைவிரல். சொன்னாள்.
இரண்டாவது. சொன்னாள்.
மூன்றாவது. கொஞ்சம் யோசித்துச் சொன்னாள்.
நாலாவதைப் பிடித்தார். அவள் காத்திருந்தாள்.
"தொடுங்கப்பா," என்றாள்.

இவர் விடவில்லை. விரலை அழுத்தினார். நகத்தால் அழுத்தினார். வெள்ளையாகிவிட்டது.

"தொட்டாச்சாப்பா?"

"இன்னும் இல்ல பாப்பா," என்றார். நான் அடுப்படிக்கு வந்துவிட்டேன்.

சாயங்காலம் ஐந்தரைக்கு டோல்மா அக்கா போன். இந்தியில் பேச்சு. எனக்கு ஒன்றும் புரியாது. என்ன சொல்கிறாள் என்று முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மறுபடி மறைத்தாலும் எனக்குத் தெரிய வழியில்லை. ஒரு காகிதத்தில் இங்கிலீஷில் ஒரு வரி எழுதிக் கையில் வைத்திருந்தேன், இடது கால், இரண்டு விரல், உணர்ச்சி இல்லை என்று. அவள் சொல்லாவிட்டால் போனை வாங்கி நானே படிப்பதாக. கை வேர்த்து மை கலங்கிவிட்டது.

நிறைய நேரம் பேசினாள். பிறகு போனைக் காலுக்கு நேரே பிடித்துக் காட்டினாள்.

காகிதம் தேவைப்படவில்லை.

டோல்மா அக்கா சொன்னது, ஜென்சி சொல்ல: முதலில் டாக்டர். இரண்டு ஜோடியும் அங்கேயே இருக்கட்டும், டாக்டர் என்ன சொல்கிறாரோ அப்புறம் அனுப்பு. வகுப்பில் இடத்தைப் பற்றி அவர் பேசவில்லை. இவளும் கேட்கவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. விடிகாலையிலிருந்து வெடி. எதிர்வீட்டு அதிரசம், முறுக்கு. ரஹ்மத் அக்கா வீட்டுக்கும் கொஞ்சம் கொடுத்தேன். "புள்ள ஏன் வெளிய வரல?" என்றார். கால் வலி என்றேன். இதுவும் பொய். வலி இல்லாததுதான் கஷ்டம்.

இவருக்கு இன்று ஸ்பெஷல் ட்ரிப். பஸ்ஸில் இரண்டு பேர் கேட்டார்களாம், எப்பண்ணே பாப்பா கெளம்புதுன்னு. "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரட்டும்னேன்," என்றார். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டார்.

ஜென்சி நாள் முழுக்கப் படுக்கை. சாம்பார், உருளைக்கிழங்கு. யாரும் சாப்பிடவில்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

அந்தோணியார் நவநாளுக்குப் போகவில்லை. காய்ச்சல் மாதிரி உடம்பு. கட்டு மாற்றினேன், காலையும் மாலையும். புண் காய்கிறது.

மதுரை டாக்டருக்கு நாளைக்கு டோக்கன் கிடைத்தது. 17.

அக்டோபர் 22, புதன்

ஐந்தே முக்கால் பஸ். கொண்டுபோனது: பழைய சீட்டு, ஸ்கேன், தண்ணீர், இட்லி, என் நோட்டு.

டாக்டர் என்ன பிரச்சினை என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் நோட்டைத் திறந்தேன். ஜென்சி முந்திக்கொண்டாள். "இடது கால் சார். ரெண்டு வெரல்ல உணர்ச்சி இல்ல. பிப்ரவரியில இருந்தே இல்ல. வந்துருச்சுன்னு வீட்ல பொய் சொல்லிட்டேன்."

ஊசி, பஞ்சு, குளிர்ந்த கரண்டி எல்லாம் வைத்துப் பார்த்தார். இந்தக் குளிர்காலத்தில் பனிக்குப் போகக் கூடாது. நரம்பு செத்துவிடவில்லை, ஆனால் மெதுவாகத்தான் வரும், வராமலும் போகலாம். ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம். அதுவரை கால் சொல்வதை நம்பாதே, தினமும் கண்ணால் பார் என்றார்.

"அடுத்த குளிருக்குப் போலாமா சார்?"

"விரல் வரட்டும்."

அழுவாள் என்று நினைத்தேன். மாத்திரைக் கடையில் வரிசையில் நின்றாள், மீதிச் சில்லறையைச் சரிபார்த்தாள். டோல்மா அக்காவுக்கு அங்கிருந்தே செய்தி அனுப்பினாள். இடம் வேற ஆளுக்குப் போகும். அது அவளுக்கும் தெரியும்.

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. வாடிப்பட்டி வரை கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

"அம்மா. கால் நல்லா இருந்திருந்தா, எதைச் சொல்லியிருப்ப?"

"கறுப்பு."

"ஏன்?"

"இறங்கும்போது குதிகால் அசையல. வழுக்குற பாறையிலயும் பிடிச்சு நின்னுச்சு."

"ஆரஞ்சுதாம்மா," என்றாள். "அதுதான் லேசு. மொதல்ல ஏறணும்ல."